ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர்தானா?

1

கொல்லிமலை என்றதும் இலக்கிய நண்பர்களுக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான் நினைவுக்கு வரும். வருஷத்துக்கு நாலு பேராவது ‘பாவை இருந்த இடம் எதுங்க?’ என்று கேட்டு எனக்கு ஃபோன் பண்ணுகிறார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஆகாய கங்கையில் குளித்து, அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நான் அந்த மலையில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தவன். எனக்குக் கொல்லிமலை என்றால் ஒரு பையன்தான் ஞாபகம்.

மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. பெயர் வேண்டாம். மலையாளிப் பழங்குடிப் பிள்ளை. கீழே இருப்பவர்கள் கேரளா என்று நினைத்துக்கொள்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர் அது. அவன் அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். பாட்டிதான் வளர்த்தாள்.

அந்த வழியில் போகும் எல்லா பஸ்ஸின் நம்பரும் அவனுக்குத் தெரியும். எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த வளைவைத் தாண்டும், எந்த டிரைவர் எந்த வளைவில் எத்தனை தடவை ஹாரன் அடிப்பார் என்பதெல்லாம் தெரியும். ஹாரன் கேட்டால் வகுப்பிலிருந்து எழுந்து ஓடுவான். திரும்பி வந்து, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் சரி, ‘இன்னைக்கு நாலு நிமிசம் லேட்டு சார்’ என்பான். யாரையும் பேசவிட மாட்டான். நோட்டை மறப்பான், பேனாவைத் தொலைப்பான், ஒரு செருப்போடு வீட்டுக்குப் போவான். மழை பெய்து தகரக் கூரை அதிர்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் கோபத்தில், ‘போர்டைப் பாக்குறியா, வெளிய போறியா?’ என்று கத்தினேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ‘வெளிய போறேன் சார்’ என்று எழுந்து போய்விட்டான். வகுப்பே சிரித்தது. திமிர் என்று நினைத்து அடித்தேன். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிறது. அது எனக்குத் தெரிந்துதான் அடித்தேன். அவனோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தான், அவ்வளவுதான்.

இது அவன் கதையை உருக்கமாகச் சொல்லிக் கண்ணீர் வாங்குவதற்கான கட்டுரை இல்லை. நான் சண்டை போட வந்திருக்கிறேன். முதல் சண்டை என்னோடு.

2

அந்தப் பையனைப் பற்றி ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி இருந்தது. ‘ஆட்டிசமா இருக்குமோ?’ என்று ஒரு டீச்சர் கேட்டார். இன்னொருவர் உடனே மறுத்தார்: ‘ஆட்டிசம்னா பேசவே மாட்டாங்க டீச்சர். இவன் ஊர்ல ஒருத்தன விட மாட்டேங்குறான், எல்லார்கிட்டயும் போய்ப் பேசுறான்.’ சரி, அப்போ ஏடிஎச்டியா? அதற்கும் பதில் தயாராக இருந்தது: ‘ஞாயித்துக்கெழமை ரோட்டோரமா மூணு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து பஸ் நம்பர் எழுதுறான். இவனுக்கா கவனக்குறைவு?’ இரண்டும் இல்லை என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்த பெயர் ஒன்றுதான்: சேட்டை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். ஏடிஎச்டியின் துடிப்பு அவனை எல்லாரிடமும் இழுத்துக்கொண்டு போனது. அதனால் ஆட்டிசம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டிசத்துக்கே உரிய, ஒரே விஷயத்தில் தோய்ந்துபோகிற ஈடுபாடு அவனை மூன்று மணி நேரம் உட்கார வைத்தது. அதனால் ஏடிஎச்டி தெரியவில்லை. ஒன்றை ஒன்று மறைத்தது. பார்க்கிற நாங்கள் இரண்டையும் தள்ளிவிட்டோம்.

எல்லாரிடமும் போய்ப் பேசினானே ஒழிய, எதிரில் இருப்பவர் முகம் சலித்துப்போனதை அவன் கவனித்ததே இல்லை. பஸ்ஸைத் தவிர வேறு பேச்சும் இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தானே ஒழிய, அவனுக்குப் பிடிக்காத ஒரு வேலையில் மூன்று நிமிஷம் உட்கார முடியவில்லை. கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்துக்குக் கவனத்தைத் திருப்புவதுதான் அவன் கையில் இல்லை. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லே நம்மைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. ஆட்டிசத்துக்கு நம் அரசு ஆவணங்கள் வைத்த பெயர் இன்னும் கொடுமை: ‘புற உலகச் சிந்தனையற்றோர்’. நாலு நிமிஷ தாமதத்தைக் கணக்கு வைத்த பிள்ளைக்கா புற உலகச் சிந்தனை இல்லை? அந்தப் பெயரை வைத்தவர் அப்படி ஒரு பிள்ளையோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டும் சேர்ந்த பிள்ளை, பாதி ஆட்டிசமும் பாதி ஏடிஎச்டியும் கலந்த கலவை இல்லை. இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ஒன்று எல்லாம் நேற்று மாதிரியே இருக்கவேண்டும் என்கிறது. இன்னொன்று புதுசாக ஏதாவது கொடு என்கிறது. தினமும் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்று அழுவான். அரை மணியில் அந்த இடத்தை விட்டு அவனே எழுந்து ஓடுவான். திரும்பி வரும்போது அங்கே வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் உலகமே இடிந்த மாதிரி கத்துவான். பார்ப்பவர்களுக்கு இது நடிப்பாகத் தெரியும். ‘இவனே எந்திரிச்சுப் போனான், இவனே அழுவுறான்’ என்று நானே சொல்லியிருக்கிறேன்.

3

எங்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய மருத்துவர்களே பல வருஷம் இதே தப்பைச் சட்டமாக வைத்திருந்தார்கள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிடும் டிஎஸ்எம் என்ற கையேட்டைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன் நான்காம் பதிப்பு 1994-இல் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டால் அதே பிள்ளைக்கு ஏடிஎச்டி என்று சொல்லக் கூடாது என்று அதில் விதி இருந்தது. துறுதுறுப்பு இருந்தால் அது ஆட்டிசத்தின் பகுதி, தனியாகப் பார்க்க வேண்டாம். 2013 மே மாதம் ஐந்தாம் பதிப்பு வந்தபோதுதான் அந்த விதியை எடுத்தார்கள். பிள்ளைகள் அதற்கு முந்தின நாளும் அப்படித்தான் இருந்தார்கள். காகிதத்தில்தான் இல்லை. இன்று நம் ஊரில் நடுவயதில் இருக்கும் மருத்துவர்கள், உளவியலாளர்கள், சிறப்பாசிரியர்களில் பலர் அந்தப் பழைய விதியைப் படித்துத் தேர்வு எழுதியவர்கள். விதி போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

அதற்கும் முன்னால் போனால், ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-இல் லண்டனில் ஆற்றிய உரைகளைத்தான் ஏடிஎச்டி வரலாற்றின் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள். அறிவில் குறையில்லாமலே கட்டுப்பாடில்லாமல் நடந்துகொள்ளும் பிள்ளைகளை அவர் விவரித்தார். ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை’ என்பது அவர் வைத்த பெயர். லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவ உலகத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு 18 வருஷம் முன்பே, 1925-இல், சோவியத் ரஷ்யாவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் கிட்டத்தட்ட அதே மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். உலகம் ரொம்ப காலம் அதைப் படிக்கவில்லை. பிறகு கொஞ்ச காலம், பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆக, முதலில் பிள்ளையின் ஒழுக்கம், அடுத்து அம்மாவின் பாசம். நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் இந்த இரண்டு இடத்தில்தான் நிற்கின்றன. ‘கொழுப்பு’ என்போம், இல்லையென்றால் ‘வளர்ப்பு சரியில்ல’ என்போம்.

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஒரு கட்டுரை, ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டியும் இருப்பதாகக் கணக்கிட்டது. நாலில் ஒருவருக்கும் மேல். 2015-இல் அமெரிக்காவில் வந்த இன்னொரு ஆய்வு, முதலில் ஏடிஎச்டி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆட்டிசம் கண்டறியப்படுவது சராசரியாக மூன்று வருஷம் தள்ளிப்போவதைக் காட்டியது. ஒரு பெயர் கிடைத்ததும் எல்லாரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். சென்னையில் என் நண்பரின் மகளுக்கு இதுதான் நடந்தது. ஒன்பது வயதில் ஏடிஎச்டி என்றார்கள். பன்னிரண்டு வயதில்தான் ஆட்டிசமும் என்றார்கள். அவர் மகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் பையன் கண்ணில் வந்து நின்றான். காசு, கார், இங்கிலீஷ் எல்லாம் உள்ள குடும்பத்துக்கே மூன்று வருஷம்.

4

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் இலக்கிய நண்பர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ‘குழந்தையைக் குழந்தையாப் பாருங்க, முத்திரை குத்தாதீங்க.’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெயர் வைக்காமல் நீங்கள் விட்டுவைத்த பிள்ளைக்குப் பெயரே இல்லாமல் போய்விடாது. சேட்டை, திமிர், மக்கு, அரை லூசு, அடங்காதது என்று ஊர் ஐந்து பெயர் வைத்திருக்கும். நாம் கொடுக்க மறுக்கும் பெயருக்குப் பதிலாக அவன் சுமப்பது இந்த ஐந்தையும்.

பெயர் தெரிந்தால் செய்கிற வேலையும் மாறும். ஏடிஎச்டி மட்டும் என்றால் ‘பாடத்தைச் சின்னச் சின்னதா உடைங்க, அடிக்கடி மாத்துங்க, புதுசாக் காட்டுங்க’ என்பார்கள். ஆட்டிசம் மட்டும் என்றால் ‘எதையும் திடீர்னு மாத்தாதீங்க, அடுத்து என்னன்னு முன்கூட்டியே சொல்லுங்க’ என்பார்கள். இரண்டும் உள்ள பிள்ளைக்கு முதல் யோசனையை மட்டும் கடைப்பிடித்தால் மிரண்டுபோவான். இரண்டாவதை மட்டும் கடைப்பிடித்தால் சலித்து ஓடுவான். நாளின் வரிசை மாறாமல் இருக்கவேண்டும், அந்த வரிசைக்குள் வேலை புதுசாக இருக்கவேண்டும். மருந்திலும் இதே கதைதான். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெதில்ஃபெனிடேட்டை, ஆட்டிச வகைக் குறைபாடும் துறுதுறுப்பும் சேர்ந்த 72 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005-இல் வந்தது. பாதிப் பேருக்குத்தான் பலன் தெரிந்தது. பக்கவிளைவால் 18 சதவீதம் பேர் நிறுத்திவிட்டார்கள். ஏடிஎச்டி மட்டும் உள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டால் பலன் குறைவு, தொந்தரவு அதிகம். மருந்து கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மருத்துவர் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘மலையில ஏதுங்க இதெல்லாம்? இது செல்ஃபோன் நோய், சிட்டி நோய். சாமையும் தினையும் சாப்பிட்டு இயற்கையோட வாழ்ற பிள்ளைங்க.’ இதைச் சொல்பவர்களுக்கு மலைப் பிள்ளை ஒரு பிள்ளையே இல்லை, ஒரு போஸ்டர். இந்தியாவில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான ஏறக்குறைய 4,000 குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் பிளாஸ் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஹைதராபாத் நகரத்தோடு ஹிமாச்சலத்தின் காங்ராவும் ஒடிசாவின் டெங்கனாலும் அந்த ஐந்தில் உண்டு. நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் எல்லா இடத்திலும் இருந்தன. குறைபாடு இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு ஒன்றுக்கு மேல் இருந்தது. மலை என்று பார்த்து மூளை வேறு மாதிரி வளர்வதில்லை.

அப்புறம் நீங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘எல்லாருக்குமே கொஞ்சம் ஏடிஎச்டி இருக்குப்பா’ என்று ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள். பெரியவர்களான பிறகு தன்னை அடையாளம் கண்டு நிம்மதி அடைந்தவர்களை நான் சொல்லவில்லை. அந்த நிம்மதி உண்மையானது. எல்லாருக்கும் இருக்கிறது என்றால் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அதைத்தான் சொல்கிறேன். நாவல் படிக்கும்போது மனசு அலைபாய்வதும், ஒரு செருப்போடு நாலு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போய் அங்கேயும் அடி வாங்குவதும் ஒன்றில்லை.

5

சட்டத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைதான் இருந்தது, ஆட்டிசம் இல்லை. புதிய சட்டத்தில் 21 வகை. ஆட்டிசம் இருக்கிறது, குறிப்பான கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏடிஎச்டி இல்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம், ஏடிஎச்டி இரண்டுமே உண்டு. ஒரே அரசு, கண்டுபிடிக்கும்போது இரண்டையும் தேடச் சொல்கிறது. சான்றிதழ் கொடுக்கும்போது ஒன்றைத்தான் தெரியும் என்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுகிறவர், உதவித்தொகை என்று பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியதில் பெரும்பகுதி அந்தச் சான்றிதழில்தான் தொங்குகிறது. அதிலும் முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம் தாண்டவேண்டும்.

ஆட்டிசத்துக்குச் சான்றிதழ் கொடுக்க இந்தியாவில் பயன்படுவது ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோல். 40 கேள்விகள். கண்ணோடு கண் பார்க்கிறதா, மற்றவர்களோடு பழகுகிறதா என்று போகும். வலியப் போய்ப் பழகும் ஏடிஎச்டி பிள்ளை இதில் குறைவான மதிப்பெண் வாங்கித் தப்பிவிடக்கூடும். பெரியவர்களை நேராகப் பார்க்காமல் நிற்பதுதான் மரியாதை என்று சொல்லிக்கொடுத்து வளர்க்கிற ஊர்கள் நம்முடையவை. அங்கே கண் பார்க்கும் கேள்விக்கு விடை எழுத அந்தப் பிள்ளையையும் அதன் வீட்டையும் தெரிந்த ஆள் வேண்டும். அளவுகோல் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிள்ளையைத் தெரியாத ஒருவர் அரை மணியில் அதை நிரப்புவது கெட்டது.

அந்த அரை மணிக்காகப் பாட்டி என்ன செய்யவேண்டும்? பையனை பஸ்ஸில் ஏற்றி 70 வளைவும் இறங்கி, வாந்தி எடுக்கிற பிள்ளையைத் துடைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய் நாமக்கல் சேரவேண்டும். அன்றைய கூலி போச்சு. ‘இன்னிக்கு டாக்டர் வரல, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கூலியும் போச்சு. பையனுக்கோ புது இடம், புது ஆட்கள், ஆஸ்பத்திரிச் சத்தம். அவன் அங்கே எப்படி நடந்துகொள்வான் என்று நினைக்கிறீர்கள்? அதைத்தான் எழுதிக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் கதை இதைவிட மோசம். உண்டு உறைவிடப் பள்ளிகளின் விடுதியில் மூலையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளை சிரித்தால் தானும் சிரித்து, அவள் எழுதினால் தானும் எழுதி, உள்ளுக்குள் எதையுமே பிடித்துவைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும் பெண்ணை நாம் ‘நல்ல அமைதியான பொண்ணு’ என்கிறோம். ஓடுகிற பையனுக்காவது ஒரு கெட்ட பெயர் கிடைக்கிறது. அவள் யார் கண்ணிலும் படுவதே இல்லை. காற்றிலும் மழையிலும் உருவம் மாறாமல் நிற்கும் கொல்லிப்பாவையைத்தான் நம் வகுப்பறைகள் கேட்கின்றன. பாவையாக நடிக்கத் தெரிந்த பிள்ளை பிழைத்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம்.

6

இனி நான் சொல்ல வெட்கப்படும் விஷயம். ஒருநாள் பள்ளிக்கு மருத்துவக் குழு வருவதாகத் தகவல் வந்தது. எடை, பல், கண் எல்லாம் பார்ப்பார்கள். வளர்ச்சிக் குறைபாடு ஏதாவது தெரிகிறதா என்றும் கேட்பார்கள். வந்தவர்கள் முன்னால் இவன் ஏதாவது செய்து மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று, அன்று காலை இவனைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டேன். குடத்தோடு சந்தோஷமாக ஓடினான். வழியில் பஸ் வந்திருக்கும். அவன் திரும்பும்போது ஜீப் இறங்கிப் போயிருந்தது.

அவனுக்கு இரண்டும் இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்கு எனக்குப் படிப்பு இல்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் அவனைப் பார்க்கவிடாமல் செய்தவன் நான் என்று மட்டும் சொல்ல முடியும். சட்டமும் டிஎஸ்எம்மும் தூரத்தில் இருந்தன. நான் வாசலில் நின்றேன்.

அதனால் ஆசிரியர்களுக்கு முதலில் சொல்கிறேன். நீங்கள் டாக்டராக வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளை எழுந்து ஓடினால், ஓடுவதற்கு முன்னால் என்ன நடந்தது? சத்தமா, திடீர் மாற்றமா, வேலை சலித்ததா, சொன்னது புரியவில்லையா? வெளியே ஒரே ஓட்டமாகத் தெரிந்தாலும் காரணம் நாலு இருக்கும். ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் நாலும் இருக்கும். அந்த நோட்டை வருகிற குழுவிடம் கொடுங்கள். அரை மணியில் அவர்களால் பார்க்க முடியாததை அது சொல்லும். ‘வெளிய போறியா?’ என்று கேட்காதீர்கள், ‘உக்காரு’ என்று சொல்லுங்கள். அடுத்த பாடம் மாறும் முன் அஞ்சு நிமிஷம் முன்னாலேயே சொல்லுங்கள். ஹாரன் கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும், பாடம் ஓடிப்போகாது.

மருத்துவர்களிடமும் உளவியலாளர்களிடமும் ஒன்றே ஒன்று: முதல் பெயர் கிடைத்ததும் ஃபைலை மூடாதீர்கள். ஏடிஎச்டி என்று எழுதிய அன்றே ஆட்டிசத்தையும் கேளுங்கள், ஆட்டிசம் என்று எழுதிய அன்றே ஏடிஎச்டியையும் கேளுங்கள்.

அரசிடம் இரண்டு. 2016 சட்டத்தின் அட்டவணையில் ஏடிஎச்டியைச் சேருங்கள். நோயாளியை மலை இறக்குவதை விட்டு, மதிப்பீடு செய்கிறவர்களை மலை ஏற்றுங்கள், மாதம் ஒரு நாளாவது, அறிவித்த தேதியில். ஓட்டுப்பெட்டி சொன்ன தேதியில் 70 வளைவும் ஏறி வந்துவிடுகிறதே!

உங்களிடம், வாசகர்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை கொல்லிமலைக்குப் போகும்போது ரோட்டோரம் ஒரு பையன் உங்கள் வண்டி நம்பரைச் சத்தமாகப் படித்து, நீங்கள் கேட்காமலே நாலு கேள்வி கேட்டு, பதில் வரும் முன் ஓடிப்போனால், ‘என்ன ஒரு சுதந்திரமான குழந்தை’ என்று கவிதை எழுதாதீர்கள். எந்த ஸ்கூலில் படிக்கிறான், இன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேளுங்கள்.

என் மாணவன் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாட்டி என்னைத் திட்டவில்லை. கடைசியாகப் பார்த்தபோது சொன்னாள்: ‘அவன் பொறந்ததுலருந்தே அப்படித்தாஞ் சார். நீங்க என்ன பண்ணுவீங்க.’

என்ன பண்ணியிருக்கலாம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.